வெரோனாவின் தீர்ப்பு

ரோமியோ ஜூலியட் நாடகத்தின் கடைசியில் ஒரு விசாரணை நடக்கிறது. நம்மில் பலருக்கு அது நினைவில் இருப்பதில்லை. ஜூலியட் குத்துவாளைப் பாய்ச்சிக்கொண்டு விழுந்ததும் கதை முடிந்துவிட்டது என்றே மனசு எடுத்துக்கொள்கிறது. திரைப்படங்களும் பெரும்பாலும் அந்த இடத்தோடு சுருட்டிவிடும். ஷேக்ஸ்பியர் அதற்குப் பிறகும் நூறு வரிகளுக்கு மேல் எழுதியிருக்கிறார். காவலர்கள் வருகிறார்கள். ஓடப் பார்த்த துறவி லாரன்ஸைப் பிடிக்கிறார்கள், வேலைக்காரன் பல்தசாரையும் பிடிக்கிறார்கள். வெரோனாவின் இளவரசர் எஸ்கலஸ் விடியுமுன்னே கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்கிறார். ஒவ்வொருவராக வாக்குமூலம் கொடுக்கிறார்கள். ரோமியோ தன் அப்பாவுக்கு எழுதிவைத்த கடிதம் படிக்கப்படுகிறது. எல்லாம் கேட்டபின் இளவரசர், சிலர் மன்னிக்கப்படுவார்கள், சிலர் தண்டிக்கப்படுவார்கள் என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புகிறார். யாருக்கு மன்னிப்பு, யாருக்குத் தண்டனை? சொல்லவில்லை. திரை விழுந்துவிடுகிறது.

செத்தவர்கள் மொத்தம் ஆறு பேர். மெர்குஷியோ, டிபால்ட், பாரிஸ், ரோமியோ, ஜூலியட், அப்புறம் மகன் நாடுகடத்தப்பட்ட துக்கத்தில் அந்த இரவே இறந்துபோன ரோமியோவின் அம்மா. ஆறு சாவுக்கு ஒரு தீர்ப்பும் இல்லை.

ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் யாராக இருந்தாலும் இந்தக் கேள்வியை ஒருதரமாவது பரீட்சையில் எழுதியிருப்பார்கள். இந்தத் துயரத்துக்கு யார் பொறுப்பு? விதி பாதி, அவசரம் கால், பெரியவர்களின் பகை கால் என்று பங்கு பிரித்து எழுதினால் நல்ல மார்க் கிடைக்கும். எனக்கு அந்தப் பங்கு பிரிக்கும் விளையாட்டில் நம்பிக்கையில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பொறுப்பு என்று சொல்வதும் யாருமே பொறுப்பில்லை என்று சொல்வதும் நடைமுறையில் ஒன்றுதான். அதனால் வேறு வழியில் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இந்தக் கதை ஷேக்ஸ்பியர் கைக்கு வருவதற்குமுன் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஊர் ஊராக அலைந்திருக்கிறது. ஒவ்வொரு ஊரும் குற்றத்தை ஒவ்வொருவர் தலையில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஷேக்ஸ்பியர் எதை மாற்றினார், ஏன் தீர்ப்பைச் சொல்லாமல் விட்டார் என்பது புரியவரும்.

1

1476ல் மசூச்சோ சலெர்னித்தானோ என்கிற இத்தாலியரின் கதைத் தொகுப்பு அச்சில் வந்தது. அதில் சியேனா நகரத்து மரியோத்தோ, கனோஸா என்ற காதலர்களின் கதை இருக்கிறது. ரகசியக் கல்யாணம், ஒரு கொலை, நாடுகடத்தல், தூக்க மருந்து, துறவியின் உதவி, போய்ச்சேராத கடிதம் எல்லாம் ஏற்கனவே அதில் உண்டு. கடிதம் கொண்டுபோனவனைக் கடற்கொள்ளையர்கள் பிடித்துவிடுகிறார்கள். காதலி இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு மரியோத்தோ ஊருக்குத் திரும்புகிறான், கல்லறையைத் திறக்கப் பார்க்கும்போது மாட்டிக்கொள்கிறான், நீதிமன்றம் தலையை வெட்டுகிறது. கனோஸா மடத்தில் துக்கத்தால் சாகிறாள். கவனிக்க வேண்டியது, இந்தக் கதையில் இரண்டு குடும்பங்களின் பகையே கிடையாது. கொல்வது கடலும் சட்டமும்தான்.

பகையைக் கொண்டுவந்தவர் லூயிஜி த போர்த்தோ. விச்சென்சாவைச் சேர்ந்த பிரபு, வெனிஸ் குடியரசுக்காகச் சண்டையிட்ட குதிரைப்படை வீரர். அவர் 1529ல் இறந்தார், கதை அதையொட்டிய காலத்தில் அச்சானது. வெரோனா, மொன்தேக்கி, கப்பெல்லெத்தி, கல்லறை எல்லாம் அவர் வைத்தவை. அந்தக் குடும்பப் பெயர்களுக்கு முன்கதை உண்டு. தாந்தே தன் பெருங்காவியத்தின் இரண்டாம் பகுதியில், இத்தாலியை நாசமாக்கிய கட்சிச் சண்டைகளைச் சொல்லிப் புலம்பும் இடத்தில் இந்த இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்கிறார். மொன்தேக்கிகள் வெரோனாக்காரர்கள், கப்பெல்லெத்திகள் கிரெமோனாப் பக்கத்துக் கட்சியினர். ஒரே தெருவில் முறைத்துக்கொண்டு திரிந்த அண்டைவீட்டுக்காரர்கள் அல்ல. த போர்த்தோ தாந்தேயின் பெயர்களை எடுத்து ஒரே ஊரில் குடிவைத்துவிட்டார்.

அவருக்குப் பகை என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமிருக்கவில்லை. அவருடைய தாய்வழி உறவு சவொர்ஞான் குடும்பம். ஃபிரியூலி பிரதேசத்தில் அந்தக் குடும்பத்துக்கும் எதிர்க்கட்சிப் பிரபுக்களுக்கும் தலைமுறைக் கணக்கில் பகை. 1511 பிப்ரவரி 27, களியாட்டத் திருவிழாவின் வியாழக்கிழமை, ஊதினே நகரத்தில் அந்தோனியோ சவொர்ஞானின் ஆட்கள் எதிர்க்கட்சி மாளிகைகளைச் சூறையாடி, கையில் கிடைத்த பிரபுக்களைத் தெருவில் வெட்டிப்போட்டார்கள். அடுத்த வருஷம் அந்தோனியோவைப் பகைவர்கள் ஆஸ்திரியப் பக்கத்து வில்லாக்கில் தீர்த்துக்கட்டினார்கள். அந்தக் காலத்தில் த போர்த்தோ அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தார். அதே 1511ல் போரில் காயம்பட்டு, வாழ்நாள் முழுக்க உடல் சரியாகாமல் போனார். பிளவுபட்ட அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தியை அவர் விரும்பியதன் நிழல்தான் இந்தக் கதை என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். அதை நாம் நம்பலாம், நம்பாமலும் போகலாம். விருந்தும் நடனமும் நடக்கிற வீட்டு வாசலிலேயே மறுநாள் ரத்தம் ஓடும் என்பது இந்தக் கதையை எழுதியவர் நேரில் கண்ட உலகம். அதில் சந்தேகமில்லை.

2

இத்தாலியிலிருந்து கதை மலையேறி பிரான்சுக்குப் போனது. மத்தேயோ பந்தெல்லோ 1554ல் எழுதியதை 1559ல் பியர் பொவெஸ்துவோ பிரெஞ்சில் எழுதினார். அந்த நேரத்தில் பிரான்சில் பெற்றோருக்குத் தெரியாமல் நடக்கும் கல்யாணம்தான் ஊர்ப்பேச்சு. மொமொரான்சி பிரபுவின் மகன் ஒரு பெண்ணுக்கு ரகசியமாக வாக்குக் கொடுத்துவிட்டான். அப்பாவோ அரசரின் மகளை அவனுக்குக் கட்டிவைக்கத் திட்டம் போட்டிருந்தார். இதையொட்டி இரண்டாம் ஆன்றி அரசர் 1557ல் ஒரு ஆணை போட்டார். 30 வயதுக்குட்பட்ட ஆணும் 25 வயதுக்குட்பட்ட பெண்ணும் பெற்றோர் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்தால் பெற்றோர் சொத்தில்லாமல் விலக்கிவிடலாம். கத்தோலிக்கத் திருச்சபையும் சும்மா இருக்கவில்லை. அதுவரை ஆணும் பெண்ணும் மனமொப்பி வாக்குக் கொடுத்தாலே கல்யாணம்தான், பாதிரியாரோ சாட்சியோ இல்லாவிட்டாலும் செல்லும் என்பது திருச்சபைச் சட்டம். 1563ல் திரெந்து பொதுச்சங்கம் பங்குத்தந்தையும் சாட்சிகளும் இல்லாத கல்யாணம் செல்லாது என்று விதித்தது. அதாவது, கதை எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்களில், இளசுகளின் சம்மதம் பெரிதா வீட்டாரின் சம்மதம் பெரிதா என்று ஐரோப்பா முழுக்கச் சட்டச்சண்டை நடந்துகொண்டிருந்தது.

இந்தச் சூட்டோடு கதை இங்கிலாந்துக்குள் வந்தது. 1562ல் ஆர்தர் புரூக் பிரெஞ்சுக் கதையை நீண்ட ஆங்கிலக் கவிதையாக ஆக்கினார். அதுதான் ஷேக்ஸ்பியரின் மேஜைமேல் இருந்த புத்தகம். புரூக்கின் முன்னுரையைப் படித்தால் நமக்குத் தூக்கிவாரிப்போடும். பெற்றோர் பேச்சைக் கேளாமல், ஆசைக்கு அடிமையாகி, குடிகாரக் கிழவிகளோடும் மூடநம்பிக்கைத் துறவிகளோடும் கூட்டுச்சேர்ந்து, தகாத வழியில் போய் அழிந்த இருவரின் கதை, பார்த்துத் திருந்துங்கள் என்கிற தொனி. புராட்டஸ்டண்ட் இங்கிலாந்தில் கத்தோலிக்கத் துறவியைத் திட்டுவதும் சேர்ந்து ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் கவிதைக்குள் போனால் புரூக்குக்கே அந்தப் பிள்ளைகள்மேல் மனம் இளகிவிடுகிறது. முன்னுரையில் கண்டிப்பு, உள்ளே கண்ணீர்.

நாம் பார்க்க வேண்டியது அவருடைய கவிதையின் முடிவை. ஏனென்றால் புரூக் தீர்ப்பைச் சொல்கிறார். ரகசியக் கல்யாணத்தைப் பெற்றோரிடம் மறைத்ததற்காகச் செவிலித்தாய் நாடுகடத்தப்படுகிறாள். விஷம் விற்ற மருந்துக்கடைக்காரரைத் தூக்கில் போடுகிறார்கள். எஜமான் சொன்னதைத்தானே செய்தான் என்று ரோமியஸின் வேலைக்காரனை விட்டுவிடுகிறார்கள். துறவியின் பழைய நற்சேவையைக் கணக்கில் எடுத்து அவரையும் விட்டுவிடுகிறார்கள். அவர் ஊருக்கு வெளியே தவக்குடில் ஒன்றில் ஐந்து வருஷம் இருந்து சாகிறார். இரண்டு குடும்பத் தலைவர்களும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

இந்தப் பட்டியலை இன்னொருமுறை படியுங்கள். வீட்டு வேலைக்காரிக்கு நாடுகடத்தல். பட்டினி கிடந்த கடைக்காரனுக்குக் கயிறு. பகையைத் தலைமுறையாக வளர்த்தவர்களுக்கு ஆறுதல். ஊர்ப் பஞ்சாயத்து பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

3

ஷேக்ஸ்பியர் நாடகத்தை எழுதியது அநேகமாக 1595, 96 வாக்கில். 1597ல் முதல் அச்சு, 1599ல் திருத்தமான இரண்டாம் அச்சு. புரூக்கிடமிருந்து கதையை அப்படியே எடுத்துக்கொண்டார் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அவர் மாற்றிய இடங்களை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு வக்கீல் எதிர்த்தரப்புச் சாட்சியத்தைப் பிரித்து மேய்கிற மாதிரி இருக்கிறது.

முதலில் வயது. அதே கதையை 1567ல் உரைநடையில் சொன்ன வில்லியம் பெயின்டரிடம் ஜூலியட்டுக்கு 18. புரூக்கிடம் 16. ஷேக்ஸ்பியரிடம் இன்னும் 14 முடியவில்லை. சட்டப்படி பெண்ணுக்கு 12 வயதானால் கல்யாணம் செல்லும் என்றாலும் இங்கிலாந்தில் சாதாரண ஜனங்கள் இருபதுகளின் நடுவில்தான் கல்யாணம் செய்தார்கள். அன்றைய லண்டன் பார்வையாளருக்கும் 13 என்பது குழந்தை வயதுதான். ஷேக்ஸ்பியரின் மூத்த மகள் சூசன்னாவுக்கு அப்போது ஏறக்குறைய அதே வயது. ஆசையை அடக்கத் தெரியாத பெண் என்று புரூக்கின் முன்னுரை மாதிரி இவளைக் குற்றம் சொல்ல இனி வாய் வருமா?

அடுத்து காலம். புரூக்கிடம் கதை மாதக்கணக்கில் நடக்கிறது. காதலர்கள் கல்யாணமாகி ஒன்றிரண்டு மாதம் ரகசியமாகக் குடும்பமே நடத்துகிறார்கள். ஷேக்ஸ்பியர் ஞாயிற்றுக்கிழமை விருந்தில் தொடங்கி அந்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார். இதனால் காதலர்கள் அவசரக்காரர்கள் ஆனார்கள் என்று சொல்வார்கள். எனக்கு வேறு மாதிரி படுகிறது. யோசிக்க அவர்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் செய்தது யார் என்று பார்த்தால் பெரியவர்கள்தான்.

மூன்றாவது, சண்டை. புரூக்கிடம் ரோமியஸ் தெருச்சண்டையில் தற்காப்புக்காக டிபால்ட்டைக் கொல்கிறான். அங்கே மெர்குஷியோ விருந்தில் தலைகாட்டிவிட்டுப் போகிற ஒரு சின்னப் பாத்திரம். ஷேக்ஸ்பியர் அவனை ரோமியோவின் நண்பனாக்கி, இளவரசரின் உறவினனுமாக்கி, டிபால்ட் கையால் சாகடிக்கிறார். விலக்கிவிடப் போன ரோமியோவின் கைக்குக் கீழாகத்தான் வாள் பாய்கிறது. பாரிஸைக் கல்லறையில் சாகவைத்ததும் ஷேக்ஸ்பியர்தான். அவனும் இளவரசரின் உறவினன். அரசாங்கத்தின் வீட்டிலேயே இரண்டு பிணம். இது தற்செயலான மாற்றம் என்று நான் நினைக்கவில்லை.

இந்தச் சண்டைகள் லண்டன்காரர்களுக்கு இத்தாலியக் கற்பனை அல்ல. 1594 அக்டோபர் 4ல் வில்ட்ஷயரில் டான்வர்ஸ் குடும்பத்துக்கும் லாங் குடும்பத்துக்கும் இருந்த பகை முற்றி, டான்வர்ஸ் சகோதரர்கள் ஹென்றி லாங்கை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்குள் புகுந்து கொன்றார்கள். கொன்றவர்களை ஒளித்துவைத்துப் பிரான்சுக்குத் தப்பவைத்தவர் சவுத்தாம்ப்டன் பிரபு. ஷேக்ஸ்பியர் 1593லும் 1594லும் தன் இரண்டு நெடுங்கவிதைகளைக் காணிக்கையாக்கிய அதே புரவலர். நான்கு வருஷம் கழித்து டான்வர்ஸ்களுக்கு மன்னிப்பும் கிடைத்தது. செல்வாக்குள்ளவன் செய்தால் கொலையும் நாடுகடத்தலோடு முடியும், பிறகு மன்னிப்பாகவும் மாறும். ஷேக்ஸ்பியர் இதை மிகப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

4

இனி குற்றவாளிக் கூண்டில் ஒவ்வொருவராக ஏற்றுவோம்.

விதி என்பார்கள். நாடகத்தின் முன்னுரையே நட்சத்திரங்களைக் குற்றம் சொல்கிறது, வாஸ்தவம். ஆனால் நாடகத்துக்குள் நட்சத்திரங்கள் எதுவும் செய்வதில்லை, மனிதர்கள்தான் செய்கிறார்கள். ஜாதகம் சரியில்லை என்று நம்மூரில் சொல்வதும் பெரும்பாலும் காரியம் கைமீறியபின் சொல்வதுதானே.

கொள்ளைநோய் என்பார்கள். துறவி ஜான் மாந்துவாவுக்குக் கடிதம் கொண்டுபோகக் கிளம்புகிறார். துணைக்கு ஒரு துறவியைத் தேடிப்போன வீட்டில் நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்ட நகரக் கண்காணிப்பாளர்கள் கதவை அடைத்துச் சீல் வைத்துவிடுகிறார்கள். இதுவும் லண்டனுக்குப் பழக்கமான காட்சி. 1592 முதல் 1594 வரை பெரும்பகுதி கொள்ளைநோயால் நாடகக் கொட்டகைகளே மூடிக்கிடந்தன. நோய் கண்ட வீட்டை ஆட்களோடு சேர்த்து வாரக்கணக்கில் அடைத்துவைப்பார்கள். கடிதம் போகாததற்கு நோய் காரணம், சரி. கடிதம் ஒன்றே உயிர்நாடி என்ற நிலைமை எப்படி வந்தது? அதற்கு நோய் காரணமில்லை.

செவிலித்தாய். கல்யாணத்துக்குத் தூது போனவள் அவள்தான். ரோமியோ நாடுகடத்தப்பட்டதும், பேசாமல் பாரிஸைக் கட்டிக்கொள், அவன் இன்னும் நல்ல மாப்பிள்ளை என்று புத்தி சொன்னவளும் அவள்தான். ஜூலியட் முற்றிலும் தனியாகிப்போகும் நிமிஷம் அது. கொடுமைதான். ஆனால் அவள் சம்பளத்துக்கு இருப்பவள். கபுலெட் கோபத்தில் அவளையும் வாயடைத்து விரட்டியதற்கு அடுத்த நிமிஷம்தான் அவள் அப்படிப் பேசுகிறாள். வேலைக்காரியிடம் வீரத்தை எதிர்பார்ப்பவர்கள் முதலில் எஜமானிடம் அதை எதிர்பார்க்கட்டும்.

மருந்துக்கடைக்காரர். மாந்துவாவில் விஷம் விற்றால் மரணதண்டனை. ரோமியோ 40 டுகாட் பொன்னை நீட்டுகிறான். மனசு ஒப்பவில்லை, வறுமை ஒப்புகிறது என்கிறார் அவர். புரூக் தூக்கில் போட்ட இந்த ஆளை ஷேக்ஸ்பியர் ஒரு பக்கத்துக்குள் நமக்குச் சொந்தக்காரர் ஆக்கிவிடுகிறார். அதற்குப் பிறகு அவரைத் தூக்கில் போடச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

துறவி லாரன்ஸ். இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இவர் நல்லவர். இரண்டு குடும்பமும் ஒன்றுசேரும் என்ற நம்பிக்கையில்தான் கல்யாணத்தை நடத்துகிறார். பாரிஸோடு கல்யாணம் நிச்சயமானபோது அவர் கையில் ஒரே ஒரு உண்மை இருந்தது: இந்தப் பெண்ணுக்கு ஏற்கனவே கல்யாணமாகிவிட்டது, நானே நடத்திவைத்தேன். திருச்சபைச் சட்டப்படி இரண்டாம் கல்யாணம் சாத்தியமேயில்லை. அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் நின்றிருக்கும். சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கதை கிடைக்கிறது. 1601ன் கடைசியில் கவிஞர் ஜான் டன், ஆன் மோர் என்ற பதினேழு வயதுப் பெண்ணை அவள் அப்பாவுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்தார். விஷயம் தெரிந்ததும் அப்பா ஜார்ஜ் மோர் மாப்பிள்ளையைச் சிறையில் தள்ளினார். கல்யாணத்தை நடத்திவைத்த பாதிரியாரையும் சாட்சி சொன்ன நண்பரையும்கூட விடவில்லை. டன்னுக்கு வேலை போனது. ஆனால் 1602ல் திருச்சபை நீதிமன்றம் கல்யாணம் செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்தது. சிறை, வறுமை, அவமானம், எல்லாம் உண்டு. ஆனால் உயிரோடு இருந்தார்கள். பல வருஷம் சேர்ந்து வாழ்ந்து நிறையப் பிள்ளைகள் பெற்றார்கள்.

ரோமியோ கொலைக்குற்றத்தில் நாடுகடத்தப்பட்டவன், அதனால் நிலைமை இன்னும் சிக்கல்தான். ஆனாலும் துறவிக்கு அதிகபட்சம் தண்டனை, ஜூலியட்டுக்கு அதிகபட்சம் வீட்டை விட்டு வெளியேற்றம். அதைவிட ஒரு 13 வயதுப் பெண்ணுக்கு 42 மணி நேரம் பிணமாகக் கிடக்கும் மருந்தைக் கொடுத்துக் கல்லறைக்குள் அனுப்புவது மேல் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அதுகூடப் போகட்டும். கடைசியில் கல்லறையில் அவள் கண்விழிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் அவர் ஒருவர்தான். வெளியே காவலர் சத்தம் கேட்கிறது. வா போகலாம், கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று கூப்பிட்டுப் பார்க்கிறார். அவள் வரவில்லை. அவர் ஓடிவிடுகிறார். நல்லவர்தான், பயந்துவிட்டார். கடைசி நிமிஷத்தில் அந்தக் குழந்தையைக் குத்துவாளோடு தனியாக விட்டுவிட்டுப் போனவர் அவர். விசாரணையில் தன்னைத் தண்டிக்கச் சொல்லி அவரே நிற்கிறார். அந்த ஒன்றுக்காக அவரை மதிக்கிறேன்.

ரோமியோ. இரண்டு பேரைக் கொன்றவன். அதில் பாரிஸ் ஒரு பாவமும் செய்யாதவன். நண்பன் விழுந்த ஆத்திரத்தில் டிபால்ட்டைக் கொன்ற இடம்தான் கதை திரும்பும் இடம். அதற்கு அவன் பொறுப்பாளிதான். ஆனால் மாந்துவாவில் சாவுச்செய்தி வந்ததும் கண்ணைமூடிக் கிளம்பினான் என்று சொல்வது சரியல்ல. துறவியிடமிருந்து கடிதம் இல்லையா என்று இரண்டுமுறை கேட்கிறான். இல்லை என்ற பிறகே கிளம்புகிறான்.

5

இப்போது கபுலெட். இவரை நான் கடைசிக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. நாடகத் தொடக்கத்தில் இவர் நல்ல அப்பா. பெண் சின்னவள், இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், அவள் சம்மதம்தான் முக்கியம் என்று பாரிஸிடம் சொல்பவர். டிபால்ட் செத்த அன்றிரவே அதே மனிதர் அவளைக் கேட்காமல் வியாழக்கிழமை கல்யாணம் என்று நாள் குறிக்கிறார். மறுத்தால் வீட்டைவிட்டுத் துரத்துவேன், தெருவில் கிடந்து சாவு என்கிற அளவுக்குப் பேசுகிறார். அவர் மனைவியோ மாந்துவாவுக்கு ஆள் அனுப்பி ரோமியோவுக்கு விஷம் வைக்கத் திட்டம் சொல்கிறாள்.

இதில் பலரும் தாண்டிப்போய்விடும் ஒரு சின்ன இடம் இருக்கிறது. துறவியிடம் மருந்து வாங்கிக்கொண்டு வந்த ஜூலியட், திட்டப்படி, சம்மதம் என்று பொய்யாகச் சொல்கிறாள். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கல்யாணத்தை வியாழனிலிருந்து புதனுக்கு மாற்றிவிடுகிறார்! அம்மாவே அவ்வளவு அவசரம் வேண்டாம் என்கிறாள். கேட்கவில்லை. அதனால் ஜூலியட் ஒரு நாள் முன்னதாக மருந்தைக் குடிக்க வேண்டியதாகிறது. துறவியின் கணக்கில் ஒரு நாள் காணாமல் போகிறது. வெரோனாவுக்கும் மாந்துவாவுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். கடிதம் போகவில்லை என்று தெரிந்ததும் லாரன்ஸ் மறுபடி எழுதி அனுப்ப நினைக்கிறார். ஆனால் அதற்குள் ஜூலியட் விழிக்க மூன்று மணி நேரம்தான் மிச்சமிருக்கிறது. அந்த ஒரு நாள் கையில் இருந்திருந்தால் இரண்டாவது ஆள் போயிருப்பான். நோய் திருடியது ஒரு கடிதத்தை. அப்பா திருடியது ஒரு நாளை. நோய்க்குத் தெரிந்து செய்யும் புத்தி இல்லை, அப்பாவுக்கு இருந்தது.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லையே என்று கேட்கலாம். இல்லைதான். மகளின் வாழ்க்கை தன் கைக்காரியம், தேதியைத் தன் மகிழ்ச்சிக்கேற்ப நகர்த்தலாம் என்ற நிச்சயத்தில் செய்தார். கோபத்திலும் அதே நிச்சயம், பாசத்திலும் அதே நிச்சயம்.

கடைசியாக இளவரசர். அவர் பெயர் எஸ்கலஸ், வெரோனாவை ஆண்ட ஸ்காலா குடும்பப் பெயரின் லத்தீன் சாயல். த போர்த்தோ கதையை வைத்தது 1300களின் தொடக்கத்தில் ஆண்ட பர்த்தொலோமேயோ ஸ்காலாவின் காலத்தில். முதல் காட்சியிலேயே இளவரசர் சொல்கிறார், இது மூன்றாவது கலவரம் என்று. இனி சண்டை போட்டால் உயிர் போகும் என்கிறார். முந்தின இரண்டு கலவரத்துக்கு என்ன செய்தார்? ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. மூன்றாவதுக்கு மிரட்டல். நான்காவதில் இரண்டு பேர் செத்தபின் நாடுகடத்தல். கடைசிக் காட்சியில் அவரே ஒத்துக்கொள்கிறார்: உங்கள் பகையைக் கண்டும் காணாமல் இருந்தேன், அதனால் என் உறவினர் இருவரை இழந்தேன் என்று. மெர்குஷியோவையும் பாரிஸையும் ஷேக்ஸ்பியர் அவருக்குச் சொந்தமாக்கியது இந்த வாக்குமூலத்துக்காகத்தான் என்பது என் எண்ணம்.

யாருக்கு மன்னிப்பு, யாருக்குத் தண்டனை என்று அவர் சொல்லாமல் போவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. புரூக்கின் இளவரசர் தீர்ப்புச் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அவர் வெளியே நிற்கும் நீதிபதி. ஷேக்ஸ்பியரின் இளவரசர் குற்றவாளிகளில் ஒருவர். நேர்மையாகத் தண்டிக்க ஆரம்பித்தால் மேலேயிருந்து ஆரம்பிக்க வேண்டும். செவிலியையும் கடைக்காரரையும் தண்டித்துக் கணக்கை முடிக்கும் பழைய வழியை நாடகம் நமக்கு அடைத்துவிட்டது.

ஆக என் தீர்ப்பைக் கேட்டால், காதலர்களின் அவசரமும் துறவியின் பயமும் சாவின் கடைசிக் கண்ணிகள். முதல் கண்ணி, சொல்ல முடியாத வீடு. அப்பா அம்மாவிடம் ஒரு பெண் தன் கல்யாணத்தைச் சொல்ல முடியாத வீடும், அப்படிப்பட்ட இரண்டு வீடுகளின் பகையைச் சகித்துக்கொண்ட அரசாங்கமும்.

நமக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. அம்பிகாபதி நூறு பாட்டுப் பாட வேண்டும். அமராவதி காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணி, தொண்ணூற்றொன்பதிலேயே நூறாகிவிட்டதென்று எட்டிப்பார்த்துவிடுகிறாள். 1937ல் எல்லிஸ் ஆர். டங்கன் அந்தக் கதையைப் படமாக எடுத்தபோது, இளங்கோவன் வசனத்தில் ரோமியோ ஜூலியட்டின் சாயலும் கலந்தது. பொருத்தமான கலப்புதான். அதைக் கேட்கும் யாரும், அடடா, எண்ணிக்கை தப்பிடுச்சே என்றுதான் சொல்வார்கள். காதலித்ததற்கு உயிரைப் பந்தயம் வைக்கும் ராஜாவைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு வராது. தப்பிய எண்ணிக்கை, போகாத கடிதம், இப்படிச் சின்னப் பிழைகள்மேல் நம் கண் நிலைகுத்திவிடுகிறது. பிழையைப் பொறுக்காத ஏற்பாட்டைச் செய்தவர்கள் கதைக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். இன்றைக்கும் சாதி மாறிக் காதலித்த பிள்ளைகள் செத்துப்போனால், போலீஸில் முன்னாடியே சொல்லியிருக்கலாம், ஊருக்குத் திரும்பி வராமல் இருந்திருக்கலாம் என்றுதான் டீக்கடையில் பேசுவார்கள். எல்லாம் செத்தவர்களின் பிழைப்பட்டியல்.

நாடகத்தின் கடைசியில் இரண்டு அப்பாக்களும் கைகோக்கிறார்கள். ஜூலியட்டுக்குப் பொன்னில் சிலை வைப்பேன் என்கிறார் மாண்டேகு. ரோமியோவுக்கும் அதே மாதிரி வைப்பேன் என்கிறார் கபுலெட். தங்கள் பகைக்குப் பலியானவர்கள் என்று ஒரு வார்த்தையும் அவர் வாயில் வருகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வார்த்தைகூட, நீ ஒன்று வைத்தால் நானும் ஒன்று வைப்பேன் என்ற போட்டிப் பேச்சுக்கு நடுவில்தான் வருகிறது. பழைய பகையின் பழக்கம் துக்கத்திலும் விடவில்லை.

பொன் சிலை எதுவும் வரவில்லை. வெரோனா நகராட்சி 1905ல் காப்பெல்லோ தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கி, அதை ஜூலியட்டின் வீடு ஆக்கியது. புகழ்பெற்ற அந்த மாடம் இருபதாம் நூற்றாண்டில் புதுப்பித்தபோது வைத்தது. 1972ல் முற்றத்தில் ஒரு வெண்கல ஜூலியட்டை நிறுத்தினார்கள். அவள் மார்பைத் தொட்டால் காதல் கைகூடும் என்று ஒரு நம்பிக்கை கிளம்பி, வந்தவர்கள் எல்லோரும் தொட்டுத்தொட்டு வெண்கலமே தேய்ந்து விரிசல் கண்டது. 2014ல் அசல் சிலையை உள்ளே எடுத்துவைத்துவிட்டு நகல் ஒன்றை நிறுத்தினார்கள். இப்போது அதைத் தொடுகிறார்கள். உயிரோடிருந்தவரை அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சிலையிடமும் கேட்பதில்லை.